குறுக்குப் பாதை

பதுளை ஆஸ்பத்திரியில்
கண்ணைப் படமெடுத்த பிள்ளை
திரையை என் பக்கம் திருப்பினாள்.
தோடம்பழ நிறத்தில் ஒரு வட்டம்,
அதற்குள் ரோட்டு.
பெரிய ரோட்டு, கிளை ரோட்டு,
லயத்துக்குப் பிரியும் ஒற்றையடி.
மேக்கணக்குக் கொழுந்தை
இருபத்திரண்டு வருஷம் பெக்டரிக்கு இறக்கியவன் நான்,
பார்த்ததுமே தெரிந்துவிட்டது:
இந்த மலையில் யாரோ
கேட்காமல் பாதை வெட்டியிருக்கிறார்கள்.

‘எப்ப இருந்து?’ என்றார் டொக்டர் நிலூபா.
போன மாசம் என்று பொய் சொன்னேன்.
தீபாவளிக்கு முந்தியே
பதினோராம் வளைவில்
முன்கண்ணாடியில் ஒரு நூலாம்படை.
துடைத்தேன்.
லொறியை நிறுத்தி, இறங்கி, வெளியேயும் துடைத்தேன்.
‘கண்ணாடி பளிங்காட்டம் இருக்கே அண்ணே’ என்று
கிளீனர் சவரியான் சிரித்தான்.
நான் திரும்பிய பக்கமெல்லாம்
நூலாம்படையும் திரும்பியது.
லைசன்ஸ் போய்விடும் என்று
வீட்டிலும் சொல்லவில்லை.

டொக்டர் பேனா நுனியால் காட்டினார்.
இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டே போனால்
குழாய்ச் சுவரை வெளியிலிருந்து
அணைத்துப் பிடித்திருக்கும் செல்கள்தான் முதலில் சாகும்.
சுவர் கசியும். பிறகு அடைக்கும்.
அடைப்புக்கு அந்தப் பக்கம் மூச்சு எட்டாது.
பட்டினி கிடக்கும் ஓரம் சத்தம் போடும்,
பாதை போடு, பாதை போடு என்று.

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.
அந்த வருஷ மழையில் மண் சரிந்து
கீழ்க்கணக்கு ரோட்டு மூடியபோது
பதினொரு நாள் அரிசி வரவில்லை.
பன்னிரண்டாம் நாள்
மண்வெட்டியும் அலவாங்குமாக
நாங்களே வெட்டினோம் ஒரு குறுக்குப் பாதை.
அணைக்கல் இல்லை, கான் இல்லை.
அடுத்த மழைக்கு அது
ஆளோடு இறங்கியது.

‘அப்ப சீனிதான் எதிரியா?’
அப்படியும் சொல்ல ஏலாது என்றார்.
குழாயின் ஒவ்வொரு செல்லும்
சீனிச் சங்கிலியால் பின்னிய கம்பளி போர்த்தியிருக்கிறதாம்.
வளர் என்று வரும் சொல்
அந்தக் கம்பளியில் ஒட்டித்தான் உள்ளே போகுமாம்.
நிறுத்து என்று வருவதிலும் சிலது அப்படித்தான்.
கம்பளி நைந்தால்
எது எந்தச் சொல் என்று செல்லுக்குப் பிடிபடாது.
‘கரைஞ்சு திரியிற சீனி வேற,
கோத்து வச்ச சீனி வேற.’
மழைக்குக் கம்பளி போட்டு
கொழுந்தெடுப்பவளின் புருஷன் நான்.
தலையாட்டினேன்.

பிறகு பச்சை வெளிச்சம்.
ஓரமெல்லாம் சுட்டார்கள்.
முந்நூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.
தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது துளிர்க்க.
இது, துளிர்க்காமலிருக்க.
பட்டினியில் கத்தும் இடத்தைச் சுட்டுவிட்டால்
கத்த ஆளிருக்காது,
புதுக் குழாய் வாடிவிடும்,
நடுப்பார்வை பிழைக்கும்.
கணக்கு சரிதான்.
ஆனாலும் நாடியை வைத்த கட்டைமேல்
என் பல் நறநறத்தது.

இப்போது எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரிகிறது.
ரோட்டு ஓரம் தெரியவில்லை.
அந்தியில், நிறுவை முடிந்து,
தலையில் விறகுக் கட்டோடு
எங்கள் பொம்பளைகள் ஓரத்தில்தான் நடப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சாவியை
ஆபீஸ் மேசையில் வைத்தேன்.
பெரிய கிளாக்கர் காரணம் கேட்டு எழுதினார்.
கண்.
அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

வெளியே தேத்தண்ணிக் கடையில்
பழக்கத்துக்குக் கையை நீட்டிவிட்டேன்.
முனியப்பன் பிளேன்டீயை வைத்துவிட்டு
உள்ளங்கையில் சீனி கொட்டினான்.
மூடவுமில்லை, உதறவுமில்லை.
ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது.
முழங்கைப் பக்கம் ஏதோ ஊர்ந்தது.
எறும்பாக இருக்கும்.